ஆறாம் பந்திக்காரனின் மடல்

மார்கழி முதல் வாரம் சென்னையில், கோலால் பந்தைக் குழியில் தள்ளும் அந்தப் பெரிய பூல் போட்டியை நடத்திய குழுவினருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. ஆட்டம் எண் 62, டேபிள் எண் 11, முதல் சுற்றிலேயே வெளியே. ஊர் திரும்பிய மறுநாளே உங்கள் வாட்ஸப் எண்ணுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அதோடு சரி. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் பெயரையோ போட்டியின் பெயரையோ இங்கே போடப்போவதில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாசித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் காரிய அட்டை, பில் புக், இவைதான் பிழைப்பு. வயது 44. ராத்திரி கடையை அடைத்த பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடிப்படி இருக்கிறது. அதில் ஏறினால் எங்கள் ஊர்ப் பார்லர். ஒரு ஸ்னூக்கர் டேபிள், இரண்டு பூல் டேபிள். மணிக்கு 150 ரூபாய். தோற்றவன் டேபிள் காசு கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பதினோரு வருஷமாக நான் கொடுத்த டேபிள் காசைச் சேர்த்து வைத்திருந்தால் பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள். அவள் கணக்கில் புலி. மறுத்துப் பேச முடியாது.

என் அப்பாவுக்கு நான் கியூ கோலைப் பிடிப்பது கடைசிவரை பிடிக்கவில்லை. 'கிளப்புக்குப் போறான்' என்பார், சீட்டாடப் போகிறவனைச் சொல்வது போல. கியூ பிடித்து ஆடும் இந்த வகை விளையாட்டுக்கும் நம் மாநிலத்துக்கும் எவ்வளவு பழைய உறவு என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது விவரம் போதாது. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்கிற அதிகாரி உண்டாக்கியது. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அப்புறம் அந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். உலகம் முழுக்க ஆடுகிற ஒரு விளையாட்டின் சட்டம் நீலகிரி மலையில் ஒழுங்கானது என்று சொல்லியிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். 'அங்கயும் குடிதானே' என்றிருப்பார்.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 நவம்பரில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற செய்தியைப் பார்லர் அண்ணாச்சி நாளிதழிலிருந்து வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு கல்லூரிப் பெண்பிள்ளைகள் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட வந்தார்கள். அந்த அப்பாக்கள் டீ குடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஏதோ போல இருக்கும்.

உங்கள் அறிவிப்பை எனக்குக் காட்டியதும் அண்ணாச்சிதான். 9 பால் ஆட்டம், 128 பேர், முதல் பரிசு 1,00,000 ரூபாய், நுழைவுக் கட்டணம் 2,500. "போய் ஆடிட்டு வாடே. தோத்தாலும் பெரிய டேபிள்ல ரெண்டு ஆட்டம் நின்னோம்னு இருக்கும்லா" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. ஒரு லட்சத்தை நான் கனவில்கூடத் தொடவில்லை. 9 அடி டேபிளில், நல்ல விளக்கு வெளிச்சத்தில், முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரு முழு ஆட்டம். 7 ரேக் (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு ரேக்) முதலில் ஜெயிப்பவர் வெற்றி என்று போட்டிருந்தீர்கள். 7 ரேக் என்றால் தப்புச் செய்து திருத்திக்கொள்ள நேரமிருக்கும். என் போன்ற ஆளுக்கு அது முக்கியம். எனக்கு வெள்ளைப் பந்து கையில் படியவே மூன்று ரேக் ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. தை பிறந்தால் முகூர்த்தம். பத்திரிகை அட்டைக்கு எங்களுக்குச் சிவகாசி பக்கம்தான். ஆனால் புது மாடல் சாம்பிளும் சில வெளிநாட்டுத் தாளும் பார்க்க வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குத்தான் வர வேண்டும். சனிக்கிழமை போட்டி. ஒன்று, காலையில் ஆடிவிட்டு மதியம் ஆண்டர்சன் தெரு. இல்லையென்றால் காலையில் ஆண்டர்சன் தெரு, மதியம் ஆட்டம். வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். கியூ பையைப் பார்த்துவிட்டு எதிர் பெர்த் பெரியவர், "தம்பி நாயனமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் எந்த ஊரில் கச்சேரி என்று அவர் மேலே கேட்கவில்லை, நல்ல மனுஷன். விடிந்ததும் எழும்பூர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் குளியல். பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில், மெட்ரோ வேலைக்கு அடைத்துவைத்த தகரங்களுக்கு நடுவே ஊர்ந்து, துரைப்பாக்கம் தாண்டி உங்கள் அரங்கம். மழை தூறிக்கொண்டிருந்தது. 8.50க்கு உள்ளே நுழைந்து பெயர் பதிந்தேன். 9 மணிக்கு ரிப்போர்ட்டிங் என்று தடித்த எழுத்தில் நீங்கள்தான் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே இன்னும் தடித்த எழுத்தில்: பெயர் அழைத்து 15 நிமிடத்தில் வராவிட்டால் எதிராளிக்கு வாக் ஓவர்.

என் ஆட்டம் தொடங்கியது மாலை 5.40க்கு.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த மடல். மற்றதெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன்.

10 மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, பேசி, முதல் ஷாட் அடித்து (உள்ளே போகவில்லை, கைதட்டினோம்) முடித்தபோது 11.50. சரி, நம் ஊரில் விழா என்றால் அது இருக்கும். அப்போதுதான் நான் முதல்முறையாக உங்கள் மேஜைக்கு வந்தேன். "என் ஆட்டம் எப்போது வரும்?" என்று கேட்டேன். கழுத்தில் அட்டை போட்ட பையன், "எப்ப வேணா கூப்பிடுவோம் ப்ரோ, எங்கயும் போய்டாதீங்க" என்றான். 1 மணிக்கு மறுபடி கேட்டேன். அதே பதில், இம்முறை 'சார்'. 3 மணிக்குக் கேட்டபோது இன்னொருவர், "பெரிய டோர்னமெண்ட்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்று எனக்கு விளக்கினார்.

நான் நேரம் அச்சடித்துப் பிழைப்பவன். 'காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன். அந்த வரியில் ஒரு எண் தப்பினால் பெண் வீட்டார் என் கடைக் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். அதனால் அரங்கத்தின் மூலையில் உட்கார்ந்து, யாரோடு யார் ஆட வேண்டும் என்று போட்ட உங்கள் டிரா தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நீங்கள் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

128 பேர். முதல் சுற்றில் 64 ஆட்டம். டேபிள் 12. அப்படியானால் ஒரே நேரத்தில் 12 ஆட்டம். 64ஐ 12ஆல் வகுத்தால் ஐந்து முழுப் பந்தி, ஆறாவது பந்திக்கு 4 ஆட்டம் மிச்சம். 7 ரேக் ஆட்டம் ஒன்றுக்கு நம்மைப் போன்றவர்கள் ஆடினால் சராசரியாக ஒன்றேகால் மணி நேரம். ஆட்டம் 1 முதல் 12 வரை 10 மணிக்கு. 13 முதல் 24 வரை 11.15. அடுத்த பன்னிரண்டு 12.30. அதற்கடுத்தது 1.45. ஐந்தாவது பந்தி 3 மணி. 61 முதல் 64 வரை உள்ளவர்கள் 4.15. சில டேபிள் முன்னே முடியும், சில பின்னே முடியும். அரை மணி இப்படி அப்படி ஆகும். ஆனால் நீங்கள் சொன்ன நேரத்துக்குச் சரியாகத் தொடங்கியிருந்தால்கூட 62ஆம் ஆட்டக்காரன் மாலை நான்குக்கு முன் கியூவைப் பையிலிருந்து எடுக்க வழியே இல்லை. இது வெள்ளிக்கிழமை ராத்திரி, நீங்கள் டிராவை மங்கலான ஒரு போட்டோவாகக் குழுவில் போட்டபோதே தெரிந்த விஷயம். தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எங்கள் பக்கம் ஒரு சமையல்காரருக்குக்கூட இது தெரியும். 300 இலை விழும் சாப்பாட்டுக் கூடத்தில் 1,200 பேரை அழைத்தால் நான்கு பந்தி. பந்திக்கு முக்கால் மணி. அதற்கேற்பத்தான் சோறு வடிப்பார். 1,200 பேரையும் முதல் பந்திக்கே வாசலில் நிறுத்தி, 'யாரும் எங்கும் போய்விடாதீர்கள், கூப்பிட்டதும் 15 நிமிடத்தில் இலைக்கு வராவிட்டால் உங்கள் சாப்பாடு பக்கத்து இலைக்காரருக்கு' என்று அவர் சொன்னதில்லை.

அந்த மழைச் சனிக்கிழமை நீங்கள் ஊருக்குள் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மார்கழி மாதம், ஒவ்வொரு சபா வாசலிலும் அட்டவணை தொங்கும். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, பக்கவாத்தியம் யார் என்று மாதம் முழுவதுக்கும் அச்சடித்துத் தருகிறார்கள். பிற்பகலில் பாதி காலியான அரங்கத்தில் பாடும் சின்னப் பெண்ணுக்கும் தன் நேரம் தெரியும். அவளுக்குக் கூட்டம் வராமல் போகலாம், ஆனால் காலை 9 மணியிலிருந்து தம்புராவோடு நடைபாதையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம். 2022இல் செஸ் ஒலிம்பியாட் அங்கேதான் நடந்தது. 180க்கும் மேற்பட்ட அணிகள் வந்த போட்டி, ரஷ்யாவிலிருந்து கைமாறி வந்து, சில மாதங்களில் ஏற்பாடானது. பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் என்றால் 3 மணிக்கு ஆட்டம். இதே கடற்கரையோரம்தானே அய்யா.

அந்த எட்டே முக்கால் மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இரண்டு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட், நான்கு டீ. பிரியாணி வந்தது, ஆனால் அது கையில் மஞ்சள் பட்டை கட்டியவர்களுக்கு. எங்களுக்கு நீலப் பட்டை. கழிப்பறைக்குப் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "என் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் வேலூர்க்காரர், பல் டாக்டர். நான் அவருக்கு, அவர் எனக்கு. மைக்கில் பெயரைச் சொல்வது எதிரொலியில் எனக்குப் பாதி புரியவில்லை. ஒவ்வொரு முறையும் மைக் கரகரத்ததும் வயிற்றில் ஏதோ புரளும். 2 மணிக்கு மேல் கை விறைத்துவிட்டது. பயிற்சிக்கு என்று ஒரு டேபிளும் இல்லை. தரவரிசையில் இருந்தவர்களுக்கு முந்தின நாளே பயிற்சி நேரம் கொடுத்திருந்ததாகப் பல் டாக்டர் சொன்னார். இருக்கட்டும், அவர்கள் நன்றாக ஆடுபவர்கள்.

4.30 சுமாருக்கு மைக்கில் ஒரு அறிவிப்பு. நேரம் போதாததால் இனித் தொடங்கும் முதல் சுற்று ஆட்டங்கள் 7 ரேக்குக்குப் பதில் 5. அதாவது முதல் 48 ஆட்டக்காரர்களுக்கு 7, எங்கள் 16 ஆட்டத்துக்கு 5. கட்டணம் எல்லோருக்கும் 2,500தான். விளக்கேற்றப் போன நேரத்தைக் கடைசிப் பந்தியின் இலையிலிருந்து எடுத்தீர்கள். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்கத் தெம்பில்லை என்பது வேறு.

இனி டேபிள் 11. கதவுக்குப் பக்கத்தில், உங்கள் ஏசிக் காற்று எட்டாத மூலை. பெல்ஜியத் துணி, பெல்ஜியப் பந்துகள், எல்லாம் உயர்ந்த சரக்கு. கதவு மட்டும் நம் ஊர்க் கதவு, மூடாது. வெளியே மழை, கடல் பக்கத்துக் காற்று. எங்கள் தொழிலில் மழை நாள் என்றால் பயம். தாள் ஈரம் குடித்து விரியும், நாலு கலரும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது. முகூர்த்த மாலை மணமகனின் காதில் போய் விழும். டேபிள் துணியும் அப்படித்தான். ஈரம் ஏறினால் பந்து கனத்துப்போய் ஓடும், டேபிள் விளிம்புக் குஷனில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். சும்மாவா பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் துணிக்குக் கீழே இருக்கும் கல்லுக்கு அடியில் சூடு கொடுக்கிறார்கள். நான் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன். கூட்டம் வந்து போகும் வழி என்றார்கள்.

அதிலும் நான் 8 அடி டேபிள்காரன். அதன் ஆடுகளம் 88 அங்குலம் நீளம், 44 அகலம். உங்களுடையது 100க்கு 50. ஒரு அடி அதிகம் என்று சொல்லிவிடலாம், நீளமான ஷாட்டில் குனிந்து பார்க்கும்போது அந்த ஒரு அடி திருநெல்வேலிக்கும் வள்ளியூருக்கும் உள்ள தூரம். இது என் பாடு. இதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

வெள்ளைப் பந்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. மற்றப் பந்துகளெல்லாம் ஒரே செட், அது மட்டும் வேறு. கொஞ்சம் பழுத்த நிறம். பக்கத்தில் இன்னொரு பந்தை வைத்துக் குனிந்து பார்த்தேன், முடி அளவு பெரியது. பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர் என்பது விதி. எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம். ஒரே செட்டில் எல்லாம் ஒத்திருக்கும். வேறு செட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒத்துப்போகாது. நேராக அடித்து நிறுத்த நினைத்தால் நிற்காமல் மூன்று அங்குலம் முன்னே போனது. மூன்று அங்குலம் என்பது 9 பாலில் அடுத்த பந்து தெரிவதற்கும் மறைவதற்கும் உள்ள வித்தியாசம். இந்த ஆட்டத்தில் 1 முதல் 9 வரை, இருப்பதில் சின்ன எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். மறைந்தால் தொலைந்தோம். 9ஐக் குழியில் தள்ளுபவனுக்கு அந்த ரேக்.

எதிராளி சென்னைப் பையன், பத்தொன்பது இருக்கும். தங்கமான பிள்ளை. அவனும் காலையிலிருந்து பட்டினி. என் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். அந்த நாளில் என்னை நிஜமாகக் காயப்படுத்தியது அந்த 'அங்கிள்'தான். எங்கள் ஊரில் என்றால் அண்ணே என்றிருப்பான்.

3-1 என்று முன்னால் இருந்தேன். அப்புறம் ஒரு 9ஐத் தவறவிட்டேன், திறந்து கிடந்த 9, என் மகள் போட்டுவிடுவாள். அதற்குப் பந்தோ கதவோ காரணமில்லை, கை நடுங்கியது. 4-4 ஆனது. கடைசி ரேக். அவன் 7ஐ அடிக்க வேண்டும். வெள்ளைக்கும் 7க்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. நேராக முன்னே. இப்படி நெருங்கிக் கிடக்கும்போது கியூ முனை வெள்ளையை இரண்டு முறை தொட்டுவிடும். அது ஃபவுல். அதனால் அடிப்பதற்கு முன்னால் நடுவரை அழைத்துப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது ஆடும் எவனுக்கும் தெரிந்த மரியாதை. நான் கையைத் தூக்கினேன். நடுவரான உங்கள் ஆள், நேரலையில் காட்டும் டேபிள் பக்கம் நின்றிருந்தார். அங்கிருந்தே கையை ஆட்டினார்.

"ஆடுங்க சார், ஆடுங்க. டைம் இல்ல."

காலை 8.50க்கு வந்தவனிடம், மாலை ஆறே முக்காலுக்கு.

பையன் அடித்தான். 7 உள்ளே போனது. வெள்ளையும் அதன் வாலைப் பிடித்தபடியே ஓடியது. கோலியடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்: ஒரே எடையுள்ள குண்டு நேராகப் போய் மோதினால் மோதியது நிற்கும், மோதப்பட்டது போகும். இரண்டும் சேர்ந்து ஓடினால் பின்னாலிருந்து இன்னொரு தள்ளு விழுந்திருக்கிறது. வெள்ளை முடி அளவு பெரியது என்று நானேதான் மேலே எழுதினேன், அதனால் கனமாகவும் இருந்திருக்கலாம், கனமானது கொஞ்சம் முன்னே போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது மூன்று அங்குலம் இல்லை, மூன்று அடி. பையனைப் பார்த்தேன். "எனக்குத் தெரியல அங்கிள்" என்றான். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை, முகத்தில் இருந்தது. பிறகு உங்கள் ஆள் வந்தார். பார்க்காத ஷாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அடித்தவருக்குத்தான் சாதகம் என்றார். அவர் சொன்னது சரியான வழக்கம்தான். நடுவர் பார்க்காதபோது என்ன செய்வது என்பதற்கு உள்ள வழக்கம். கூப்பிட்டும் வராதபோது என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். பையன் அப்போதே 8க்குக் குனிந்துவிட்டான். 8, 9. கை கொடுத்தேன். ராத்திரி 11 மணிக்கு அடுத்த சுற்றில் அவனும் தோற்றான் என்று பல் டாக்டர் செய்தி அனுப்பினார்.

தோற்றதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 9ஐப் போட்டிருந்தால் அந்த 7க்கு வேலையே இல்லை. உங்கள் விளக்குகள் அருமை, டேபிளில் ஒரு பந்துக்கும் நிழல் விழவில்லை. தண்ணீர் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்த அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் நாள் முழுக்க உட்காரவே இல்லை. போட்டி நடத்துவது லேசான காரியம் இல்லை என்றும் தெரியும். 128 பேர் நாக் அவுட்டில் ஆடினால் மொத்தம் 127 ஆட்டம், எல்லோருக்கும் இரண்டு வாய்ப்பு என்று வைத்தால் அதைப்போல இரண்டு மடங்கு. 12 டேபிளில் இரண்டு நாளில் அது ஆகாது. நான் கேட்கவும் இல்லை.

ஆனால் இதை மட்டும் யோசியுங்கள். முதல் சுற்று முடிந்தால் 64 பேர் வெளியே. அந்த 64 பேர் கட்டிய காசு 1,60,000. முதல் பரிசுக்கு மேலேயே வருகிறது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறவன்தான் உங்கள் போட்டியில் பாதிப் பேர். அவனுக்கு அந்த ஒரு ஆட்டம்தான் மொத்தப் போட்டியும். அதற்கு அவன் எப்போது வர வேண்டும் என்று சொல்வதற்கு ஸ்பான்சர் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை, 'உங்களுக்கு நாலு மணிக்கு மேல்தான்' என்று ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திருவல்லிக்கேணியிலிருந்து நேராகப் பாரிமுனைக்குப் பஸ் ஏறியிருப்பேன். கடை கடையாக நின்று அட்டையைத் தடவிப் பார்த்திருப்பேன். மதியம் வயிறாரச் சாப்பிட்டு, மேன்ஷனில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, சட்டை மாற்றிக்கொண்டு உங்கள் அரங்கத்துக்கு வந்திருப்பேன். அப்படி வந்தும் தோற்றிருக்கலாம். தோற்றிருப்பேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பழக்க தோஷத்தில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். ஞாயிறு அங்கே ஷட்டர்தான் என்று தெரிந்தேதான் போனேன். ஒரே ஒரு டீக்கடை, இரண்டு நாய், ஈரத்தில் ஊறிய அட்டைப் பெட்டிகள். வீட்டிலிருந்து போன். "சாம்பிள் எடுத்தாச்சா?" என்றாள். "கடை அடைப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆட்டம்?" என்றாள். "அதுவும்தான்" என்றேன். அன்று ராத்திரி ரயிலில் யாரும் நாயனமா என்று கேட்கவில்லை.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். அடுத்த வருஷமும் நடத்துவீர்கள், நானும் 2,500 கட்டுவேன், அது எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். அப்போது டிரா போட்டதும் மங்கலான போட்டோவாக அனுப்பாமல் எனக்கு அனுப்புங்கள். 128 பேருக்கும் ஆளுக்கொரு தாள், ஆட்ட எண், டேபிள், நேரம், தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து எழும்பூருக்குப் பார்சலில் போட்டுவிடுகிறேன். தாளும் மையும் என் செலவு. 'இத்தனை மணிக்கு மேல் இத்தனை மணிக்குள்' என்று போட எனக்குப் பழக்கம் உண்டு. அந்த இரண்டு எண்ணை மட்டும் நீங்கள் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆட்டம் எண் 62,
பாளையங்கோட்டை